தகட்டுப் பச்சை

எனக்கு நிறம் பார்க்கத் தெரியும் என்று அந்தக் காலத்தில் எனக்குப் பெருத்த எண்ணம் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற சாலையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை. கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரில் போகிற பட்டுப்புடவையைக் காட்டி, "இது வெறும் அரக்கு இல்ல, இதுல கொஞ்சம் நீலம் விழுந்திருக்கு" என்பேன். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டினால் சரி. ஆட்டாவிட்டால் பாயசம் வருகிற வரைக்கும் விளக்குவேன்.

ஒரு தடவை தலைமையாசிரியர் தம் அறைக்குப் புதிதாக மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்திருந்தார். ஆசிரியர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மஞ்சளா இது? சுவத்துக்குக் காமாலை வந்த மாதிரில்ல இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போதுதான் வாசல் பக்கம் பார்த்தேன். எங்கள் பள்ளிப் பியூன் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் காமாலையில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் பானையில் தண்ணீரை ஊற்றி, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதை வாசிக்கிறவர்கள், ஏதோ கை தவறி நடந்துவிட்டது என்று எனக்குச் சலுகை கொடுத்துவிடக் கூடாது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு மற்றதைப் படிக்கட்டும்.

அந்தப் பியூன் மணமேல்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை "யோவ்" என்றும் "வாய்யா" என்றும்தான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சார் என்பார். அது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான். அவர் மகன் எங்கள் பள்ளியிலேயே படித்து விமானப்படையில் சேர்ந்தவன். ஓட்டுகிற வேலை இல்லை. கீழே நின்று விமானத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெயின்ட் அடிக்கிற வேலை. அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது வடக்கே ஏதோ ஒரு விமானத் தளத்தில் இருந்தான். அந்தச் சண்டையில் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முடிந்ததும் லீவில் வந்து, ஊரெல்லாம் சுற்றி, எல்லோரிடமும் கதை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த தை மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் காமாலை முற்றி இறந்துபோனான்.

குண்டடி பட்டு இறந்திருந்தால் ஊர்வலம் நடந்திருக்கும், கடைகளை அடைத்திருப்பார்கள். காமாலையில் போனவனுக்கு என்ன மரியாதை செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியில் ஓர் இரங்கல் கூட்டம்கூட நடக்கவில்லை. நானும் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. அவர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடைதான். போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து, பதினாறாம் நாளும் கழிந்த பிறகு, இனிமேல் போனால் நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்குப் புதுக்கோட்டையில் பள்ளிகளெல்லாம் சேர்ந்து கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. எங்கள் பள்ளியின் சார்பில் ஒரு போர் விமானத்தின் மாதிரி செய்து வைக்கும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். எனக்கு அதில் முன்பே கிறுக்கு உண்டு. வாரப் பத்திரிகையில் விமானப் படம் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வேன். கல்யாண முருங்கை மரம் கத்திக்கு இளகிக் கொடுக்கும், எடையும் இருக்காது. அதில் அந்தச் சண்டையில் பேர் வாங்கிய குட்டி ஜெட்டை ஒன்றரை அடி நீளத்துக்குச் செதுக்கினேன். சக்கரத்துக்குக் கோட்டுப் பித்தான், ஓட்டுகிறவன் உட்காரும் கூண்டுக்குப் பழைய சோப்புப் பெட்டியின் மூடி. இறக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல்மாதிரி ஆக்கிவிட்டேன். உருவத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது நிறம்.

"வெள்ளி பெயின்ட் அடிச்சு வச்சிருங்க சார், பளபளன்னு இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.

"சண்டைக்குப் போனது வெள்ளி இல்லைங்க சார். மேலேருந்து பாக்குறவனுக்குக் காடும் கரம்பையுமாத் தெரியணும்னு, வெள்ளி விமானத்து மேல பச்சையும் மண்ணு நிறமும் அவசர அவசரமாப் பூசினாங்க. அந்த நிறத்துலதான் அடிக்கணும்."

"அது என்ன பச்சைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்குக் கிடைத்த படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கண்டுபிடித்துவிடலாம் என்று மழுப்பினேன். அப்போது மேஜை மேல் வருகைப் பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்த பியூன் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"என் மகன் கொண்டாந்தது ஒண்ணு வீட்டுல இருக்குங்க சார். அவன் அடிச்ச பெயின்ட்டுதான்."

மறுநாள் காலையில் முதல் மணி அடித்துவிட்டு டிராயிங் வகுப்பறைக்கு வந்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதற்கு மேல் காகிதமும் சுற்றியிருந்தார். பிரித்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு. நாலு மூலையிலும் திருகாணித் துளை. விமானத்தின் வயிற்றில் எங்கோ ஒரு சின்னத் துவாரத்தை மூடியிருந்த தகடாம். ஒரு மூலை வளைந்துவிட்டதால் கழற்றிப் போட்டதை, அதில் பெயின்ட்டைப் பூசிப் பதம் பார்க்க அவன் எடுத்துக்கொண்டானாம். பாதித் தகட்டில் பச்சை, பாதியில் மண் நிறம். இரண்டும் சேருகிற இடம் வாய்க்கால் கரைமாதிரி வளைந்து போயிற்று. பிரஷ் இழுத்த கோடுகள் தெரிந்தன.

பச்சைப் பக்கத்தில், துளைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.

"காயுறதுக்குள்ள தூக்கிப்புட்டான் சார்" என்றார். தம் பெருவிரலை அதற்கு மேலே, பட்டும் படாமலும் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார். "அவன் ஆத்தா தெனம் இப்படித்தான் வச்சுப் பாப்பா. அழுத்தமாட்டா. இந்தப் பெயின்ட்டு கையில மாவு மாதிரி ஒட்டுது. அதனால தொடைக்க மட்டும் வேணாம் சார். கழுவவும் வேணாம். பாத்துட்டுக் குடுத்துருங்க."

"எனக்குத் தெரியாதாய்யா? போ, அடுத்த மணிக்கு நேரமாச்சு" என்றேன்.

அவர் போன பிறகு தகட்டை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். விரலின் ரேகைகள் கோலம்போல் வரிவரியாக இருந்தன. அவற்றுக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு. பிரஷ்ஷின் மயிர் ஒன்று ஒட்டி, அதை எடுத்த தடம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்த விரலைப் பற்றி நான் நினைக்கவில்லை. என் கண்ணெல்லாம் அந்தப் பச்சையில் இருந்தது.

மண் நிறம் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. அது நம்ம ஊர் மண்தான், கொஞ்சம் சோர்ந்த மண். சிவப்பு ஆக்ஸைடில் கறுப்பும் மஞ்சளும் துளித் துளியாக விட்டு, எனாமல் பளபளக்காமல் இருக்கச் சாக்கட்டித் தூளைச் சலித்துக் கலந்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பிரிக்க முடியவில்லை. பச்சைதான் என்னைப் படுத்தி எடுத்தது. டப்பாவில் வருகிற பச்சையில் கறுப்பு விட்டால் மா இலை. பழுப்பு விட்டால் பாசி பிடித்த தொட்டி. வெள்ளை விட்டால் ஆஸ்பத்திரிச் சுவர். ஒரு தடவை வேப்ப மரத்தடியில் வைத்துப் பார்த்து, வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் இரண்டும் இரண்டு ஊர். மரத்தின் பச்சை வெளிச்சம் என்னை ஏமாற்றியிருந்தது. இதில் இன்னொரு சங்கடம், சின்ன உருவத்தில் அதே நிறத்தை அடித்தால் பார்வைக்குக் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளுப்பாக அடித்தால்தான் நிஜ விமானத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர், "அதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது சார். தகட்டைப் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்று முடித்துவிட்டார்.

போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு முறை உண்டு. பழைய போர்டில் ஓர் எழுத்து உதிர்ந்துபோனால், புதிதாகக் கலந்த பெயின்ட்டில் ஒரு பொட்டை எடுத்துப் பழைய நிறத்தின் மேலேயே வைப்பார்கள். காய்ந்த பிறகு பொட்டு இருக்கிற இடம் தெரியாமல் போனால் கலவை சரி. தெரிந்தால் டர்பன்டைனில் நனைத்த துணியால் பொட்டைத் துடைத்துவிட்டு, மறுபடி கலப்பார்கள். அதைவிட நிச்சயமான வழி கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் நமக்குச் சாதகமாகப் பேசும். பொட்டு பேசாது.

தொடைக்க வேணாம் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பியூனுக்குப் பெயின்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். காய்ந்த பெயின்ட்டை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது, மேலே வைத்த பச்சைப் பொட்டு மட்டும்தான் வரும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். போர்டு எழுதுகிறவர்கள் அடிப்பது எண்ணெய் குடித்து வருஷக்கணக்கில் இறுகின பெயின்ட். அந்தப் பையன் அடித்தது, சண்டை அவசரத்தில் கையில் கிடைத்ததை மண்ணெண்ணெயில் கரைத்து, வெறும் அலுமினியத்தின் மேல் இழுத்துவிட்டது. மாவு மாதிரி ஒட்டுகிறது என்று அவர் சொன்னதே போதும், அதில் பிடிமானம் இல்லை என்று தெரிய. நிறம் தெரிந்தவன் என்று திரிந்த எனக்கு அது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளியில் யாரும் இல்லை. வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். தகட்டின் ஓரத்தில் ஆரம்பித்தேன். தெரிந்தது, துடைத்தேன். கொஞ்சம் உள்ளே வைத்தேன். தெரிந்தது, துடைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு பச்சைக்கு இவ்வளவு கொழுப்பா என்று வாய்விட்டே திட்டினேன். ஆறாவது பொட்டைத் துடைக்கும்போது கை வேகமாகப் போயிற்று. துணியை எடுத்துப் பார்த்தேன். நான் வைத்தது மிளகு அளவு பொட்டு. துணியில் வந்திருந்தது ரூபாய் அகலத்துக்குப் பச்சை.

தகட்டைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டர்பன்டைன் ஊறிப் பரவப் பரவ அந்தப் பச்சை பிரிந்தது. நடுவில் கறுப்பு நின்றது, ஓரத்தில் வட்டமாக மஞ்சள் ஓடியது. அதில் பச்சை டப்பாவே இல்லை! கறுப்பையும் மஞ்சளையும் கலந்து அந்தப் பையன் பச்சை பண்ணியிருக்கிறான். பத்து நாளாக நான் தேடியது அதுதான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வாய்க்குள் சிரித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பிறகுதான் தகட்டைப் பார்த்தேன். பெருவிரல் இல்லை. அது இருந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாக மின்னியது.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பத்து நிமிட நடையில் அவர் வீடு இருக்கிறது, ஓடிப்போய்க் காலில் விழுந்திருக்கலாம். அந்த எண்ணம் வரவே இல்லை. வந்ததெல்லாம், இது வெளியே தெரிந்தால் தலைமையாசிரியர் என்ன சொல்வார், மற்ற ஆசிரியர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பதுதான். மீதி இருந்த பச்சையையும், நன்றாக இருந்த மண் நிறத்தையும் நானே துடைத்து எடுத்தேன். பாதியை விட்டுவைத்தால் புதுசும் பழசும் காட்டிக்கொடுத்துவிடும். தகடு கழுவி வைத்த தட்டுமாதிரி ஆயிற்று.

கறுப்பும் மஞ்சளும் கலந்தேன். துணியில் இருந்த கறையைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். சாக்கட்டித் தூள் போட்டுப் பளபளப்பைக் கொன்றேன். ஒரு டப்பாவில் பச்சை, ஒரு டப்பாவில் மண் நிறம். வளைவை நினைவிலிருந்து போட்டேன். அவசரமாக இழுத்ததுபோல் இருப்பதற்காக மிக நிதானமாக இழுத்தேன். பச்சை பாதி காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும்போது, துளைக்குக் கொஞ்சம் தள்ளி, என் வலது கைப் பெருவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ரேகைகள் சுத்தமாக விழுந்திருந்தன. குறுக்கே இருந்த அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றி யோசித்தேன். பிரஷ் மயிரின் தடத்தைப் போய் யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதே இரண்டு டப்பாக்களிலிருந்துதான் விமானத்துக்கும் அடித்தேன்.

கண்காட்சியில் எங்கள் மேஜைக்குத்தான் கூட்டம். விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதில் தகட்டை வைத்திருந்தோம். தலைமையாசிரியர் வருகிறவர்களிடமெல்லாம் தகட்டை எடுத்து இறக்கையோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். "பாருங்க, எங்க டிராயிங் மாஸ்டர் கண்ணாலேயே பாத்துப் பண்ணினது. எள்ளளவு வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்" என்றார். யாரால் சொல்ல முடியும்? ஒரே டப்பா. பழைய ராணுவக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி வந்ததோ.

பியூனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். அந்த அம்மாளுக்குக் கண்பார்வை மங்கல், அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். தலைமையாசிரியர் மைக்கில், இந்த நிறத்தை நிஜ விமானத்தில் அடித்தவன் நம் பள்ளி மாணவன் என்று சொல்லி, அவன் பேரை இரண்டு தடவை சொன்னார். கூட்டம் கைதட்டியது. அவன் இறந்து ஏழு மாதத்தில் அவனுக்காக ஊர் செய்த முதல் மரியாதை அது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பியூன் மேஜையருகே வந்து தகட்டின் மேல் பெருவிரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"இப்பக் கையில ஒட்டலைங்களே சார்."

"கெட்டுப் போகாம இருக்க மேல வார்னிஷ் பூசியிருக்கேன்யா. இனிமே எத்தன தரம் தொட்டாலும் போகாது" என்றேன். அந்தப் பொய்யை நான் முன்கூட்டித் தயார் செய்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க சார்" என்றார். தகட்டைத் துணியில் சுற்றி மனைவியின் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் நன்றிக்காகக் கருவாடு கொடுத்தனுப்பினார், மணமேல்குடியிலிருந்து வந்த நல்ல கருவாடு. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எனக்குக் காரணம் அகப்படவில்லை. என் மனைவி குழம்பு வைத்தாள். இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

செய்த தப்பு மனதை உறுத்தினால் மனிதன் பணிந்துபோவான் என்பார்கள். என் விஷயத்தில் அது நேர்மாறாக இருந்தது. அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. சாக்கட்டிப் பெட்டி கொண்டுவர ஒரு நிமிடம் தாமதமானால் பையன்கள் முன்னால் வைத்துக் கத்துவேன். ஜன்னலைச் சரியாகத் துடைக்கவில்லை என்பேன். அவர் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கிற சத்தமே என்னைக் குத்திக்காட்டுவதுபோல் இருந்தது. ஒரு தடவை அவர் வணக்கம் சொன்னதைக் கேட்காதவன்போல் தாண்டிப் போனேன். அவர் எதற்கும் முகம் கோணவில்லை. அதற்கும் எனக்குக் கோபம். அந்த அம்மாளுக்கு ஓர் ஆறுதல் கொடுத்திருக்கிறோம், பையனுக்கு ஊரில் ஒரு பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று மனதுக்குள் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டினேன். விமானம் தலைமையாசிரியர் அறையில் பீரோவின் மேல் தூசி படிந்து இருந்தது.

அறுபத்தொன்பதில் அவர் ரிட்டயர் ஆனார். பள்ளியில் மாலை போட்டு, ஒரு குடையும் வேட்டியும் கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவதற்குள் நழுவி டிராயிங் வகுப்பறைக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே அங்கே வந்தார். கழுத்தில் மாலை இல்லை. கையில் அந்த வேட்டித் துணிச் சுருள்.

"சார், ஊருக்குப் போறேன். இதக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று மேஜை மேல் வைத்தார்.

"இதை எதுக்குய்யா என்கிட்ட? ஒன் மகனோடது."

"இல்லைங்க சார்" என்றார். பிரித்து, தகட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "அவனுக்குப் பன்னெண்டு வயசுல நாணல் அறுக்கையில பெருவெரல்ல அருவா பட்டிருச்சு. குறுக்கத் தழும்பு. தகட்டுலயும் அந்தத் தழும்பு கோடு மாதிரி விழுந்திருந்துச்சு. நீங்க திருப்பிக் குடுத்ததுல அது இல்ல."

பிரஷ்ஷின் மயிர் என்று நான் நினைத்த கோடு.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"அன்னிக்குக் கண்காட்சியிலயே தெரியும் சார்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே. நாலு பேருக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே."

"கேட்டா அவன் ஆத்தாளுக்குத் தெரிஞ்சு போயிரும்ல. அப்பத்தான் மைக்குல அவன் பேரச் சொல்லியிருக்காங்க. அவ அழுதுக்கிட்டே சிரிக்கிறா. நான் எப்படிச் சார் வாயத் தொறக்குறது?" தகட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "அவளுக்குக் கண்ணு தெரியலன்னாலும், தெனம் காலையில இதுல வெரல வச்சுட்டுத்தான் அடுப்பு மூட்டுவா. வார்னிஷ் பூசியிருக்கு, நல்லா அழுத்தித் தொடுன்னு நாந்தான் சொன்னேன். ரெண்டரை வருசம் தொட்டா. போன மாசியில அவளும் போயிட்டா."

அந்த மாசியிலும் நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இனிமே இத வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன சார் செய்யப் போறேன். இதுல இருக்கது ஒங்க கை. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அதில் கோபம் இல்லை. இரவல் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் பேசுகிற குரல். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உக்காருங்க. டீ வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் மரியாதையாகக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேணாம் சார். நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும். வாரேன்."

வேட்டித் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மணமேல்குடி ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த பஸ்ஸில் நான் ஏறவே இல்லை.

விமானத்தைக் கரையான் தின்று எத்தனையோ காலமாயிற்று. தகடு என்னிடம் இருக்கிறது. அந்தப் பையன் கலந்த பச்சை சரியாக எந்தப் பச்சை என்று சொல்ல இன்று உலகத்தில் ஓர் அத்தாட்சியும் கிடையாது. இருந்த ஒன்றையும் நான் துடைத்துவிட்டேன். நான் அடித்த பச்சை மட்டும் இன்னும் மங்கவில்லை, நல்ல எனாமல். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இரண்டரை வருஷம் காலையில் எழுந்து தொட்டது என் விரலைத்தான். எப்போதாவது தகட்டை எடுத்து, அந்த இடத்தில் என் பெருவிரலை வைத்துப் பார்க்கிறேன். அச்சாகப் பொருந்துகிறது.